பதினைந்து ஊசி, ஒரே ஹூக்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன: பல ஊசி எம்பிராய்டரி மெஷினில் நிறம் மாறும் இடம். 19 வருடமாக என் பகல் பொழுது இந்த மெஷின்களோடுதான் போகிறது. முதலில் ஆபரேட்டராக இருந்தேன். அப்புறம் சொந்தமாக ஒரு ஒற்றை ஹெட் (ஊசிகள் இருக்கும் தையல் தலை) மெஷின் வாங்கினேன். இப்போது அதோடு ஓர் ஆறு ஹெட் மெஷினும் ஓடுகிறது. மெஷின் எப்போது நின்றது, ஏன் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்த நோட்டைப் புரட்டினால் நிறம் மாறும்போது நின்றவைதான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என்னிடம் இருப்பது ஒற்றை ஊசி மெஷின். சமீபத்தில் ஒரு பட்டறையில் 15 ஊசி மெஷின் ஓடுவதைப் பார்த்தேன். ஓர் ஊசி மட்டும் குத்துகிறது, மற்ற 14 ஊசிகளும் சும்மா நிற்கின்றன. திடீரென்று மெஷின் நிற்கிறது, ஊசிகள் இருக்கிற முகப்பு மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்கிறது, வேறு நிறத்தில் தையல் ஆரம்பிக்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: கீழேயிருந்து ஆரம்பிக்கிறேன். மேலே நகர்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது.

ஊசி 15 இருந்தாலும் தகட்டுக்கு அடியில் ஹூக் ஒன்றுதான். அடி நூல் சுற்றிய பாபின் ஒன்று, ஊசி இறங்கும் துளையும் ஒன்று. ஊசி முழுதாக இறங்கிவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்போது அதன் பின்பக்கம் நூல் சின்ன வளையமாகப் பிதுங்கும். சரியாக அந்தக் கணத்தில் ஹூக்கின் முனை வந்து வளையத்தைக் கோத்துக்கொண்டு பாபினைச் சுற்றிப் போகும். ஒரு தையலுக்கு ஹூக் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. ஊசிக்கும் ஹூக் முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். இத்தனை நெருக்கமாகப் பொருத்தி வைத்த ஹூக்கை நிறத்துக்கு நிறம் இடம் மாற்ற முடியாது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஊசிதான் அதைத் தேடி வர வேண்டும்.

நீங்கள் பார்த்த அந்த நகரும் முகப்புக்கு நீடில் கேஸ் என்று பெயர். ஹெட்டின் முன்னால் தண்டவாளத்தில் வைத்த பெட்டி மாதிரி அது இடமும் வலமும் ஓடும். 15 ஊசித் தண்டுகளும், ஒவ்வொரு குத்துக்கும் நூலை மேலே இழுக்கும் 15 டேக்-அப் நெம்புகளும் அதில்தான் வரிசையாக நிற்கின்றன. மேலே நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகுகளும் கூடவே நகரும். அதனால்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி டென்ஷன் வைக்க முடிகிறது.

இனி, ஒன்று மட்டும் ஏன் குத்துகிறது? ஒவ்வொரு ஊசித் தண்டின் பின்னாலும் சிறிய முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ஹெட்டின் உடம்புக்குள், ஹூக்குக்கு நேர் மேலே, ஓட்டுவான் ஒன்று மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தத் தண்டின் முளை அதற்கு நேராக வந்து நிற்கிறதோ அதை மட்டும் அது கவ்விக்கொண்டு இறங்கும். கவ்வப்படாத தண்டுகளை ஸ்பிரிங் மேலே தூக்கிப் பிடித்திருக்கும். டேக்-அப் நெம்புக்கும் இதே கதைதான். உள்ளேயிருக்கும் ஓட்டு நெம்புக்கு நேராக வந்தது ஆடும், மற்றவை ஒரு கம்பியில் தங்கி நிற்கும். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. தையலின் நடுவில் நீளமாகத் தாவ வேண்டிய இடத்தில் மெஷின் அந்தக் கவ்வலை ஒரு நொடி விலக்கிவிடும். துணியை மாட்டிய பிரேம் நகரும், ஊசி குத்தாது. அந்த நேரத்தில் வரும் 'டக் டக்' சத்தத்தைப் பட்டறையில் கேட்டிருப்பீர்கள்.

சரி, நிறம் மாறும் நேரத்துக்கு வருவோம். டிசைனில் நிறம் மாற்றும் கட்டளை வந்ததும், கடைசித் தையல்கள் நுணுக்கமாக ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து முடிச்சாக நிற்கும். தகட்டுக்கு அடியில் ஒரு கத்தி நகர்ந்து, மேல் நூலையும் பாபின் நூலையும் பிடித்து, நிலையாக இருக்கும் இன்னொரு கத்தியோடு சேர்த்து அறுக்கும். முன்னாலிருக்கும் சிறு கொக்கியோ துடைப்பானோ மேல் நூலின் வாலைத் துணியிலிருந்து இழுத்து ஒதுக்கிவிடும். மெஷினை ஓட்டும் முக்கியத் தண்டான மெயின் ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்து நிற்கும். மிகப் பல தொழில் மெஷின்களில் அது 100 டிகிரி. அந்தக் கோணத்தில்தான் ஊசி முனைகள் எல்லாம் துணிக்கு மேலே இருக்கும், டேக்-அப் நெம்பும் எதிலும் இடிக்காமல் பக்கவாட்டில் விலக வழி கிடைக்கும். கோணம் தவறி நின்றால் நல்ல மெஷின் கேஸை நகர்த்தவே மறுத்துவிடும். அப்படி மறுப்பதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். மறுக்காமல் நகர்த்தியிருந்தால் நெம்பு வளைந்திருக்கும்.

நகர்த்துவது ஒரு சிறு மோட்டார். அது உருளை ஒன்றைச் சுற்றுகிறது. உருளையின் மேல் திருகு மாதிரி சுருளாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், நீடில் கேஸோடு சேர்ந்த சிறு சக்கரம் அந்தப் பள்ளத்தில் ஓடும். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் கேஸ் ஓர் ஊசி தூரம் நகரும். 3ஆம் ஊசியிலிருந்து 4க்குப் போக ஒரு சுற்று, 3லிருந்து 11க்குப் போக எட்டுச் சுற்று. எனக்கு இதில் மிகவும் பிடித்த நுணுக்கம், அந்தப் பள்ளம் முழுக்கச் சாய்வாக இருக்காது என்பது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச தூரம் சாயாமல் நேராக ஓடும். அந்தப் பகுதியில் உருளை சுற்றினாலும் கேஸ் அசையாது. மோட்டார் ஒரு மயிரிழை முன்பின்னாக நின்றாலும் ஊசி தன் துளைக்கு நேராகவே இருக்கட்டும் என்று யோசித்து வெட்டிய பள்ளம் அது. கேஸ் எந்த ஊசியில் நிற்கிறது என்பதை ஒரு சென்சார் படித்து, மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைக்குச் சொல்லும். சொன்ன எண்ணும் கேட்ட எண்ணும் ஒன்றானால்தான் அடுத்த தையல். புது ஊசி முதல் சில குத்துகளை மெதுவாகப் போடும், அப்புறம் வேகம் பிடிக்கும்.

கேள்வி: டி.எஸ்.டி. என்ற டிசைன் கோப்பைக் கணினியில் திறந்தால் இலை பச்சையாகத் தெரிகிறது. மெஷினில் போட்டால் இலை சிவப்பாகத் தைக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. டி.எஸ்.டி. கோப்புக்குள் நிறம் என்று எதுவுமே இல்லை. ஜப்பானின் தஜிமா நிறுவன மெஷின்களுக்காக வந்த வடிவம் அது. தொடக்கத்தில் 512 பைட் தலைப்பு, அதற்குப் பிறகு ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று பைட், அவ்வளவுதான். ஒவ்வொரு மூன்று பைட்டும் சொல்வது இதுதான்: மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இத்தனை பக்கவாட்டில் போ, இத்தனை மேலே போ, குத்து அல்லது தாவு, அல்லது நிறம் மாற்று. 'நிறம் மாற்று' என்பதோடு கட்டளை முடிந்துவிடும். எந்த நிறத்துக்கு என்ற சொல் அங்கே கிடையாது. கணினியில் நீங்கள் பார்த்த பச்சை அந்த மென்பொருள் தன் விருப்பத்துக்குப் பூசிக் காட்டிய பச்சை. பி.இ.எஸ். மாதிரி வேறு சில கோப்பு வடிவங்கள் நூல் நிறத்தையும் சேர்த்துச் சுமக்கும். ஆனால் அங்கேயும் அந்த நிற நூல் சுற்றிய கோன் உங்கள் மெஷினில் எந்த ஊசியில் மாட்டியிருக்கிறது என்று கோப்புக்குத் தெரியாது.

ஆகவே முதல் நிறத்துக்கு 6ஆம் ஊசி, இரண்டாவதுக்கு 2ஆம் ஊசி என்று திரையில் வரிசை போட்டுக் கொடுப்பது நம் வேலை. டிசைன் செய்தவரிடம் நிற வரிசைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வரும் டிசைனை நான் மெஷினில் ஏற்றுவதில்லை.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்கிறேன். ஒருமுறை 4ஆம் ஊசியில் இருந்த கருநீலக் கோன் தீர்ந்துபோனது. அவசரத்துக்குக் கறுப்பை மாட்டினேன், திரையில் மாற்ற மறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தன. 40 சட்டைப் பைகள் முடிந்து, காலையில் வெயிலில் விரித்தபோதுதான் கண்டேன். எழுத்தெல்லாம் கறுப்பு. 40ஐயும் பிரிக்க முடியாது, பிரித்தால் துணியில் துளை நிற்கும். புதுத் துணி வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து மெஷின் நெற்றியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஊசி எண்ணுக்கும் கீழே அந்த நூலிலேயே ஒரு துண்டு ஒட்டியிருக்கும். கோன் மாற்றினால் முதலில் அட்டையில் துண்டு மாறும், அப்புறம்தான் மெஷின் ஓடும். ஒன்று கவனியுங்கள்: முதல் ஊசியை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பது மெஷினுக்கு மெஷின் மாறலாம். புது மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறம் மாறி முதல் நாலைந்து குத்துக்குள் நூல் ஊசிக் கண்ணிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. எல்லா நிறத்திலும் நடக்கவில்லை, ஆனால் நாளுக்கு இருபது தடவையாவது கோக்கிறேன். கண் வலிக்கிறது அக்கா. நூல் கம்பெனியை மாற்றினேன், பலன் இல்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் ஆரம்ப காலம் ஞாபகம் வந்தது. நானும் இதற்கு நூலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நூல் அறுத்த பிறகு ஊசிக் கண்ணுக்கு வெளியே தொங்கும் வாலை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த ஊசிக்கு முறை வரும்போது, டேக்-அப் நெம்பு முதல் தடவை மேலே போகையில் நூலை இழுக்கும். கோனிலிருந்து இழுப்பது கஷ்டம், ஏனென்றால் நடுவில் டென்ஷன் தட்டுகள் பிடித்திருக்கின்றன. வாலிலிருந்து இழுப்பது சுலபம். ஹூக் வாலைப் பிடித்துப் பாபின் நூலோடு பின்னுவதற்குள் வால் மேலேறிக் கண்ணைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. ஆக, வால் ஏன் குட்டையாக இருக்கிறது, அல்லது போதுமான நீளம் இருந்தும் ஏன் பிடிபடவில்லை, இந்த இரண்டைத்தான் தேட வேண்டும்.

டிரிம் (நூல் அறுப்பு) ஆனதும் மெஷினை நிறுத்தி, கேஸ் நகர்வதற்கு முன் வாலை அளந்து பாருங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் தொங்கினால் எனக்கு நிம்மதி. ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால் மேல் டென்ஷன் கூடியிருக்கலாம். இறுக்கி நீட்டிய நூல் அறுந்ததும் ரப்பர் மாதிரி சுருங்கி மேலே ஓடும். பாலியஸ்டர் நூலில் இது ரேயானை விட அதிகம். உங்களுக்குச் சில நிறங்களில் மட்டும் நடக்கிறது என்பதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. உருவிக்கொள்ளும் ஊசி எண்களை ஒரு நாள் முழுக்கக் குறித்து வையுங்கள். அந்த ஊசிகளின் நூலைக் கையால் இழுத்து, உருவாத ஊசிகளோடு ஒப்பிடுங்கள். விரலுக்கே வித்தியாசம் தெரியும். முதலில் வரும் சிறு டென்ஷனையும் பாருங்கள். பெரிய திருகைத் தளர்த்திவிட்டு மேலே இருக்கும் சின்னதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

வால் போதுமான நீளம் இருக்கிறதா? அப்படியானால் கீழே பாருங்கள். பாபின் நூலின் வால் குட்டையாக அறுந்திருந்தாலும் முதல் குத்துகளில் மேல் நூலுக்குப் பிடிப்பு கிடைக்காது. இது பலருக்குத் தோன்றவே தோன்றாது. கத்திக்கு அடியில் பஞ்சும் நூல் துணுக்கும் அடைந்திருந்தால் பாபின் நூல் சரியாகப் பிடிபடாமல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீளத்தில் அறும். தகட்டைக் கழற்றித் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். காற்றடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், நான் அடிப்பதில்லை.

இரண்டும் சரி என்றால் மெஷினின் தொடக்க வேகத்தைக் குறையுங்கள், மெதுவாகப் போடும் குத்துகளின் எண்ணிக்கையை இரண்டு மூன்று கூட்டுங்கள். டிசைனையும் திறந்து பாருங்கள். நிறத்தின் தொடக்கத்தில் முடிச்சுத் தையல் இருக்கிறதா? சிலர் நேராக நீளமான சாட்டினில் (இரு ஓரத்துக்கும் மாறி மாறி நெருக்கமாக விழும் தையல்) ஆரம்பித்துவிடுவார்கள், பாவம் அந்த வால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? டிசைனில் ஒரு மில்லிமீட்டர் அளவில் மூன்று நான்கு குத்துகள் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கண் வலியும் குறையும் என்று நம்புகிறேன். எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: 7க்கும் 8க்கும் நடுவில் நீடில் கேஸ் சிக்கி நின்றுவிட்டது. திரையில் ஊசி நிலைப் பிழை என்று வருகிறது. வந்து பார்த்தவர் மெயின் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. இதே நிலையில், வந்து பார்த்தவர் பேச்சைக் கேட்டு நானும் போர்டு மாற்றியிருக்கிறேன். புது போர்டு வந்த பிறகும் கேஸ் அங்கேயே நின்றது. அப்புறம் நானே டார்ச் அடித்துப் பார்த்தால், அறுந்த நூல் ஒன்று தண்டவாளத்துச் சக்கரத்தில் சுற்றி முடிச்சாகி இருந்தது. இடுக்கியால் எடுத்ததும் கேஸ் பாட்டுக்கு ஓடியது. அந்தப் பணம் போனது இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு நீளமாக எழுதுகிறேன்.

எந்த ஊசியாவது துணியில் குத்தியபடி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் கேஸைத் தொடக்கூடாது, ஊசி முறியும், தகடும் கீறும். மெயின் ஷாஃப்டைக் கையால் திருப்பி அந்த நிறுத்தக் கோணத்துக்குக் கொண்டு வாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் கோணம் அச்சடித்த ஒரு வட்டத் தகடு பக்கத்திலோ பின்னாலோ இருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, நிறம் மாற்றும் மோட்டாரோடு சேர்ந்த திருகுப்பிடியைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கேஸ் 8ஆம் ஊசிக்கு நேராகப் போய் உட்கார வேண்டும். கை கனமாக இருந்தால் அதற்கு மேல் பலம் கொடுக்காதீர்கள். எங்கே கனமாகிறதோ அங்கேதான் தடை இருக்கிறது. நூல், பழைய கிரீஸ், வளைந்த டேக்-அப் நெம்பு, கழன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திருகு, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கையால் சுற்றும்போது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வழுக்கிக்கொண்டு போகிறது, மெஷின் மட்டும் பிழை காட்டுகிறது என்றால் சந்தேகம் சென்சார் பக்கம். அதன் ஒயர் இணைப்பைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சென்சாரின் பிடிப்புத் திருகு தளர்ந்திருந்தாலும் எண் தப்பாகப் படிக்கும். இதையெல்லாம் தாண்டிய பிறகும் பிழை நின்றால், அப்போது போர்டைப் பற்றிப் பேசலாம்.

கேஸ் ஒழுங்காக உட்கார்ந்த பிறகு இன்னொன்றையும் செய்யுங்கள். ஓர் ஊசியைக் கையால் மெல்ல இறக்கி, துளையின் நடுவில் இறங்குகிறதா என்று பாருங்கள். சிக்கி நின்ற மெஷினில் கேஸ் கொஞ்சம் பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒதுங்கினால் அத்தனை ஊசியும் ஒரே பக்கமாக ஒதுங்கும். ஓர் ஊசி மட்டும் ஒதுங்கினால் அந்த ஊசி வளைந்திருக்கிறது.

கேள்வி: நிறத்துக்கு நிறம் பாபின் நூலும் மாற்ற வேண்டாமா?

பதில்: வேண்டாம். எல்லா நிறத்துக்கும் அடியில் ஒரே வெள்ளை நூல் ஓடும். துணியைத் திருப்பிச் சாட்டின் கோட்டைப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையும் இரு ஓரமும் மேல் நூலின் நிறமும் தெரிந்தால் டென்ஷன் சரி. துணியே இல்லாமல் தனியாக நிற்கும் லேஸ் வேலைக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் மேல் நூலின் நிறத்திலேயே பாபின் போடுவோம்.

கேள்வி: என் மெஷினில் 12 ஊசி. வந்திருக்கும் டிசைனில் 17 நிறம். முடியாது என்று திருப்பி அனுப்பவா?

பதில்: அனுப்பாதீர்கள். 17 என்று எழுதியிருப்பது பல சமயம் 17 தடவை மாறுகிறது என்பதுதான், 17 நூல் என்று பொருள் இல்லை. அதே கறுப்பு மூன்று தடவை வரலாம். மூன்றையும் ஒரே ஊசிக்குக் கொடுத்துவிட்டால் எண்ணிக்கை இறங்கும். உண்மையிலேயே 17 தனித்தனி நிறம் இருந்தால், முன்னால் முடிந்துபோகும் நிறங்களின் ஊசிகளைப் பின்னால் வரும் நிறங்களுக்குக் கொடுங்கள். 13ஆவது நிறம் வரும் இடத்தில் மெஷின் தானாக நிற்கும்படி திரையில் நிறுத்தம் வையுங்கள். நின்றதும் கோனை மாற்றிப் பழைய நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டு இழுங்கள். முடிச்சு ஊசிக் கண் வரை வரவேண்டாம். கண்ணுக்கு முன்னால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கோத்துக்கொள்ளுங்கள். பிரேமை மட்டும் அசைக்காதீர்கள்.

கேள்வி: நான் பஞ்சிங் (படத்தைக் கணினியில் தையல் கோப்பாக மாற்றும் வேலை) கற்றுக்கொண்டிருக்கும் மாணவன். என் பூங்கொத்து டிசைனில் 23 நிற மாற்றம் வருகிறது. நேரம் வீணாகிறது என்று ஆபரேட்டர் அண்ணன் திட்டுகிறார். ஒரே நிறத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 6 மாற்றமாக்கினேன். இப்போது பூவுக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவில் துணி தெரிகிறது. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சரி. நல்ல கேள்வி கேட்டீர்கள், இதைக் கேட்காமலேயே பல வருடம் பஞ்சிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆபரேட்டரின் கணக்கு இது. என் மெஷினில் டிரிம், கேஸ் நகர்வு, மெதுவான தொடக்கம் எல்லாம் சேர்த்து ஒரு நிற மாற்றத்துக்கு ஏறக்குறைய 10 நொடி போகிறது. நிமிடத்துக்கு 800 குத்து ஓடும் மெஷினில் 8,000 குத்து டிசைனுக்குத் தையல் நேரம் 10 நிமிடம். 23 மாற்றம் என்றால் அதற்கு மேல் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். ஆறு மாற்றம் என்றால் ஒரே நிமிடம். நூறு துண்டு தைக்கிறவருக்கு இது ஐந்து மணி நேர வித்தியாசம். அதோடு, ஒவ்வொரு மாற்றமும் நூல் உருவிக்கொள்ள ஒரு வாய்ப்பு. திட்டாமல் என்ன செய்வார்?

துணியின் கணக்கு வேறு. ஒவ்வொரு குத்தும் துணியைக் கொஞ்சம் இழுக்கிறது. ஒரு பூவை நிரப்பினால் அந்த இடத்தில் துணி தையல் ஓடும் திசையில் சுருங்கும், அதற்குக் குறுக்கே கொஞ்சம் தள்ளும். பூவை நிரப்பிய கையோடு அதன் ஓரக்கோட்டைப் போட்டால் கோடு சரியாக உட்காரும். நீங்கள் எல்லாப் பூவையும் நிரப்பி, எல்லா இலையையும் நிரப்பி, கடைசியில் எல்லா ஓரக்கோட்டையும் போட்டீர்கள். அதற்குள் துணி பல பக்கமும் இழுபட்டு நகர்ந்துவிட்டது. கோடு மட்டும் கணினியில் வரைந்த பழைய இடத்துக்கே போய் விழுகிறது.

அதனால் முழுக்கச் சேர்க்கவும் வேண்டாம், முழுக்கப் பிரிக்கவும் வேண்டாம். ஓரக்கோடு இல்லாத பகுதிகளை, உதாரணமாகத் தண்டுகள், பின்னால் நிற்கும் இலைகள், இவற்றைத் தாராளமாகச் சேருங்கள். ஓரக்கோடு உள்ள பூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பூக்களாகக் குழு சேர்த்து, ஒரு குழுவை நிரப்பியதும் அதன் கோட்டை முடியுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போங்கள், அப்படிச் செய்தால் துணியின் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்படும். நிரப்பலை ஓரக்கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நீட்டி வையுங்கள். அடித்தையல் போடாமல் மேல் நிரப்பலுக்குப் போகாதீர்கள். என் கணிப்பில் 11, 12 மாற்றத்தில் உங்கள் பூங்கொத்து நன்றாக வரும்.

ஆபரேட்டர் அண்ணனிடமும் ஒன்று சொல்லுங்கள். மாறி மாறி வரும் நிறங்களைப் பக்கத்துப் பக்கத்து ஊசிகளில் மாட்டச் சொல்லுங்கள். 2க்கும் 13க்கும் இடையே கேஸ் ஓடிக்கொண்டே இருப்பதற்கும் 6க்கும் 7க்கும் இடையே ஒரு சுற்றில் போய் வருவதற்கும் நேரத்தில் வித்தியாசம் உண்டு. தேய்மானத்திலும் உண்டு.

கேள்வி: ஆறு ஹெட் மெஷினில் ஒரு ஹெட்டில் நூல் அறுந்தால் ஆறும் நிற்கின்றன. மற்ற ஐந்தும் ஓடக்கூடாதா?

பதில்: ஓட முடியாது. ஆறு ஹெட்டுக்கும் மெயின் ஷாஃப்ட் ஒன்று, பிரேமை நகர்த்தும் சட்டம் ஒன்று. நிறம் மாறும்போது ஆறு கேஸும் சேர்ந்தே நகர்கின்றன. நூல் அறுந்ததும் மெஷின் நிற்கும், சில குத்துகள் பின்னால் போகும். பின்னால் போன அந்த இடத்தை அறுந்த ஹெட் மட்டும் தைக்கும், மற்றவற்றின் ஊசி கவ்வப்படாமல் மேலேயே காத்திருக்கும். அறுந்த இடத்துக்கு வந்ததும் ஆறும் சேர்ந்துகொள்ளும். ஐந்து பேர் ஒருவருக்காகக் காத்திருக்கும் அந்தக் காட்சி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். இப்படித் தானாக நிறம் மாற்றுவது எப்போது வந்தது? அதற்கு முன் எப்படிச் செய்தார்கள்?

பதில்: எம்பிராய்டரி மெஷின் என்பது பழைய விஷயம் ஐயா. பிரான்ஸின் ஜோசுவே ஹைல்மன் 1828லேயே கையால் இயக்கும் ஒன்றைச் செய்துவிட்டார். 1863இல் ஸ்விட்சர்லாந்தின் இசாக் குரோப்லி கண்டுபிடித்த ஷிஃப்லி மெஷினில், நீளமான துணியில் வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒன்றாகக் குத்தின. நிறம் மாற வேண்டுமென்றால் ஆள்கள்தான் நூலை மாற்றிக் கோத்தார்கள். ஜப்பானின் தஜிமா நிறுவனம் 1973இல் கொண்டுவந்த ஆறு ஊசி மெஷின் நிறத்தைத் தானாக மாற்றியது. இன்று நாம் ஓட்டும் 12, 15 ஊசி மெஷின்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பின்னாளில் ஸ்வீடனின் கலரீல் நிறுவனம் இன்னொரு பாதையைக் காட்டியது: அதன் கருவி வெள்ளை நூலைத் தைக்கும்போதே மையூட்டி நிறமாக்குகிறது, ஓர் ஊசியிலேயே நிறம் மாறிக்கொண்டே போகிறது. அதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு ஆசை.

கேள்வி: 9ஆம் ஊசியில் மட்டும் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.

பதில்: 9ஆம் ஊசியின் கோனை 10க்கு மாற்றுங்கள். அறுவதும் 10க்குப் போனால் குற்றம் நூலில். 9லேயே நின்றால் ஊசியை மாற்றுங்கள். மாட்டும்போது பின்பக்கக் குழிவு சரியாகப் பின்னால் இருக்கட்டும். தொழில் மெஷின் ஊசிகள் பலவற்றுக்கு மேல்பகுதி உருண்டையாக இருப்பதால் கொஞ்சம் திரும்பினாலும் தெரியாது. அதற்குப் பிறகும் அறுந்தால் நூல் போகும் வழியில் ஒவ்வொரு துளையையும் ஒரு நூல் துண்டால் தேய்த்துப் பாருங்கள். எங்கேயோ ஒரு கீறல் இருக்கும். ஹூக்கைத் தொடாதீர்கள், அதில் கோளாறு இருந்தால் எல்லா ஊசியும் அறுத்திருக்கும்.

கேள்வி: எனக்குப் பல ஊசி மெஷின் வாங்க வசதி இல்லை அம்மா. ஒற்றை ஊசியில்தான் நிறம் மாற்றி மாற்றித் தைக்கிறேன். நூலைச் சீக்கிரம் மாற்ற ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. நிறைய பேர் செய்கிற மாதிரி பழைய நூலை ஊசியிலிருந்து கழற்றி மேல்நோக்கிக் கோன் பக்கம் இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் நூலில் ஒட்டியிருக்கும் பஞ்சு டென்ஷன் தட்டுகளுக்குள் போய் உட்காரும். பிரஷர் ஃபுட்டைத் தூக்குங்கள், தட்டுகள் தளரும். கோனுக்குப் பக்கத்தில் நூலை வெட்டுங்கள். அந்த முனையில் புது நூலைச் சின்ன முடிச்சாகக் கட்டி, ஊசிப் பக்கமிருந்து மெதுவாக இழுங்கள். முடிச்சு ஊசிக்கு மேலே வந்ததும் வெட்டிவிட்டுக் கோத்துவிடுங்கள். பழகிவிட்டால் அரை நிமிடம்கூட ஆகாது. தைக்கப்போகும் நிறங்களை வரிசையாக மேசையில் வலப்பக்கம் எடுத்து வையுங்கள், முடிந்த கோனை இடப்பக்கம் வையுங்கள். நான் ஒற்றை ஊசியில் இருந்தபோது அப்படித்தான் வைப்பேன். பல ஊசி மெஷினுக்கு வந்த பிறகும் புதுக் கோன்கள் என் வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன.